கிராஸ்மேட்ச் நெகட்டிவ் என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

"இதய மாற்றுக்கு முன் கிராஸ்மேட்ச் நெகட்டிவ் வந்தால் உடல் புது இதயத்தை நிராகரிக்காது, நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை மெல்ல நிறுத்திவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தான தவறு.

கிராஸ்மேட்சில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கொடையாளியின் வெள்ளணுக்களோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். முக்கியமாகச் சிக்குவது எச்.எல்.ஏ. (அணுக்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்கள்) மீது பாயும் எதிர்ப்பான்கள். இதயத் தசைக்குள் இருக்கும் மயோசின் என்ற புரதம் அந்த வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இல்லை. அதனால் மயோசினுக்கு எதிரான தன்னெதிர்ப்பான் (உடலின் சொந்தப் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பான்) ரத்தத்தில் இருந்தாலும் முடிவு நெகட்டிவ்தான். எடுத்த இதயம் பெட்டியில் குளிரூட்டப்பட்டு 3, 4 மணி நேரம் ரத்தமின்றி இருக்கிறது. ரத்தம் திரும்பப் பாயும்போது தசையணுக்கள் சில சிதைந்து மயோசின் கசியும். நோயெதிர்ப்பு மண்டலம் அதன்மேல் பாய அது வழிவகுக்கலாம்.

தன்னெதிர்ப்பான் இருந்தாலே நிராகரிப்பு என்பதும் சரியல்ல. பயாப்சிதான் முக்கியச் சான்று: வலது கீழறைத் துணுக்கில் தந்துகிகள் வீங்கி, சி4டி (எதிர்ப்பான் தாக்கியதற்குத் தடயமான புரதம்) படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதிர்ப்பான் நிராகரிப்பு உறுதியானால் ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்று, இம்யூனோகுளோபுலின்.

நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸின் ரத்த அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. முன்பே விழுங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் வம்பு.