சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு வலுவா?

"பழைய கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால் ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) நின்றுவிடும், ஆயுள் கூடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் சிஷோம் வடிவமைப்பில் 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. எதிரே மெரினா, நாளெல்லாம் உப்புக்காற்று. இப்படிப்பட்ட செங்கல் சுவர் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம், இழுத்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரத்தோடு உப்பும் செங்கல்லில் தங்கி, படிகமாகி, அதைப் பொடிப்பொடியாக்கும். வெளியே பார்த்தால் பூச்சு பளிச்சென்று இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், சில இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வரும். அப்புறம் ஒருநாள் பூச்சு செங்கல் தூளையும் சேர்த்துக்கொண்டு பாளமாக விழும்.

சிமெண்ட் சீக்கிரம் இறுகும், அழுத்தம் அதிகம் தாங்கும் என்பது சரி. ஆனால் மென்மையான செங்கல்லுக்கு மேல் அந்த விறைப்புதான் வினை.

சூழல் கணக்கும் உண்டு. சுண்ணாம்பைச் சுமார் 900 டிகிரியில் சுடலாம். சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். சுண்ணாம்பு இறுகும்போது, சுடும்போது கல்லிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஓதம் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது மழைநீர்க் குழாயும் மொட்டைமாடி விரிசலும்தான்.