ஊரான் வீட்டு ஸ்டாருக்கு உங்கள் பெஞ்சில் மூன்று பேரா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இரண்டு அணிகள் ஒரு டிரேடு (ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) பற்றிப் பேசுவதாக வதந்தி கிளம்பினால் போதும், அரை மணி நேரத்தில் ரசிகர்கள் அதை முடித்தே வைத்துவிடுகிறார்கள். "எங்கள் பெஞ்சிலிருந்து மூன்று பேர், கூட இரண்டு முதல் சுற்று பிக். அவர்களுடைய ஸ்டார் எங்களுக்கு. சம்பளக் கணக்கு சரியாக வருகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன்." (பிக் என்றால் வருடாந்திர டிராஃப்டில் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்னிடம் கிடைக்கும். சம்பளக் கணக்கு என்பது, இரு பக்கமும் கைமாறும் சம்பளங்கள் விதிப்படி பொருந்துகிறதா என்பது.) சொல்பவர் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுத்துப் பேசினால் கோபப்படுகிறார். எதிர் அணியின் ரசிகர் "இதில் எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், "உங்கள் அணி எப்படியும் தேறாது, கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? தன் அணியில் பத்து நிமிடம் ஆடவைக்கக்கூடத் தான் விரும்பாத ஆட்டக்காரரை, அடுத்த அணி ஆசையாக வாங்கிக்கொண்டு தன் சிறந்த ஆட்டக்காரரைக் கொடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த அணிக்கும் ஒரு ஜெனரல் மேனேஜர் இருக்கிறார். அவரும் அதே ஆட்டங்களைத்தான் பார்க்கிறார். மூன்று சுமாரான ஆட்டக்காரர்களைக் கூட்டினால் ஒரு ஸ்டார் வராது. கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பது ஐந்து பேர். அதில் ஒருவர் எதிரணியின் தற்காப்பையே தன் பக்கம் இழுத்துவைப்பவர் என்றால் அவருக்கு ஈடாக எண்ணிக்கையைக் காட்டி எந்தப் பயனும் இல்லை. அணியின் 15 இடங்களில் மூன்றை அடைத்துக்கொண்டு வருபவர்களுக்காக, ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டிய தலைவலி வேறு.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் இப்போது ஒரே ஒரு பதில் தயாராக இருக்கிறது. "லூக்காவையே கொடுத்தார்களே! அது நடந்தால் எதுவும் நடக்கும்."

இந்த வாதத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் டாலஸ் மாவெரிக்ஸ் 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் சுற்று பிக். எட்டு மாதத்துக்கு முன்புதான் லூக்கா அந்த அணியை இறுதிச்சுற்றுக்கு அழைத்துப் போயிருந்தார். டாலஸின் அப்போதைய ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்காவும் ரகசியமாகப் பேசி முடித்தார்கள். லூக்கா கிடைப்பார் என்பதே மற்ற அணிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை அணிகள் கையில் இருந்த பிக் அத்தனையையும் கொட்டியிருக்கும்! அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியேறினார். அரங்கம் முழுக்க ஹாரிசனை நீக்கச் சொல்லிக் கோஷம் போட்டது. 2025 நவம்பரில் அவர் வேலை போயிற்று. டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று பார்க்கும் குலுக்கலான டிராஃப்ட் லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் என்ற இளம் ஆட்டக்காரர் கிடைத்தாரே, அது ஒன்றுதான் அந்த ஊர் ரசிகர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

ஒரு ஜெனரல் மேனேஜரின் வேலையையே காவு வாங்கிய டிரேடை எடுத்துக்கொண்டு, "உங்கள் அணியும் இப்படிச் செய்யும்" என்கிறீர்கள். செய்யாது ஐயா. அதைப் பார்த்த பிறகுதான் இன்னும் செய்யாது. மீதி 29 அணிகளின் நிர்வாகிகளும் அந்தக் கோஷத்தைக் கேட்டார்கள். டாலஸ் ரசிகர்கள் ஒரு பருவம் முழுக்க அழுததை, உங்கள் கற்பனை டிரேடுக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

அடுத்தது இந்த பிக் விவகாரம். "இரண்டு பிக் சேர்த்துக் கொடுத்தால் போயிற்று." எந்த இரண்டு? நீங்கள் அந்த ஸ்டாரை வாங்கிய பிறகு உங்கள் அணி 55 ஆட்டம் ஜெயிக்கும் என்றும் நீங்களேதான் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த பிக் 26ஆவது இடத்திலோ 28ஆவது இடத்திலோதான் விழும். அதற்கு மேல் லாட்டரிப் பாதுகாப்பு வேறு போட்டுக் கொடுப்பார்களாம். அதாவது பிக் நன்றாக அமைந்தால் கொடுத்தவரிடமே தங்கிவிடும், மோசமாக அமைந்தால்தான் வாங்கியவருக்கு. இதை ஒரு பரிசு மாதிரி நீட்டுகிறார்கள்.

பிக்கின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதற்கு 2013ஆம் ஆண்டு புரூக்ளின் நெட்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் செய்த டிரேடு ஒன்றே போதும். 35 வயது பால் பியர்ஸ், 37 வயது கெவின் கார்னெட். அவர்களுக்காக புரூக்ளின் 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளையும், 2017இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. எந்தப் பாதுகாப்பும் போடாமல் கொடுத்தது. அடுத்த ஆண்டே பியர்ஸ் கிளம்பிவிட்டார், அதற்கடுத்த ஆண்டு கார்னெட். அணி சரிந்தது, சரியச் சரிய அந்த பிக்குகளின் மதிப்பு ஏறியது. 2016இன் பிக்கில் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் வந்தார். 2017இல் மாற்றிக்கொண்ட பிக் முதல் இடத்தில் விழ, அதைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்த இருவரும்தான். கைமாறியவை வெறும் பிக்குகள் இல்லை. புரூக்ளினின் அடுத்த ஐந்து வருடம்.

ஆக, ஒரு அணி உங்களிடம் பிக் கேட்கும்போது நீங்கள் தோற்கும் ஆண்டுகளைத்தான் கேட்கிறது. 2019இல் ஓக்லஹோமா சிட்டி அதைத்தான் செய்தது. ஸ்டார் கவாய் லெனர்ட் கிளிப்பர்ஸுக்கு வர வேண்டுமானால் ஓக்லஹோமாவின் பால் ஜார்ஜும் வர வேண்டும் என்ற நிலை. கிளிப்பர்ஸின் கழுத்தில் கத்தி இருப்பது ஓக்லஹோமாவுக்குத் தெரியும். ஜார்ஜுக்கு அது வாங்கியது: ஐந்து முதல் சுற்று பிக், இரண்டு ஸ்வாப் (பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை), டானிலோ காலினாரி, அப்புறம் 20 வயது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அந்தப் பையன்தான் 2025இல் எம்.வி.பி. (பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்), அதே ஆண்டில் அணிக்குப் பட்டம். கிளிப்பர்ஸ் கொடுத்த ஒரு பிக்கில் வந்த ஜேலன் வில்லியம்ஸ் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடினார். ஜார்ஜோ 2024இல் கிளிப்பர்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார், பதிலுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

ஸ்வாப் எதற்கு இருக்கிறது என்றாவது தெரிந்து பேசுகிறார்களா? அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை அள்ளி வீசியதன் விளைவு இது; இந்த விதி அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதனால்தான் கிளிப்பர்ஸ் ஒன்றுவிட்ட வருடங்களில் தன் பிக்கையும், நடுவில் வரும் வருடங்களில் ஸ்வாப்பையும் கொடுத்தது. நம் ஆட்களோ "தொடர்ந்து நாலு வருட பிக்கைக் கொடுத்துவிடலாம்" என்று ஒரு டிரேடு போட்டு, அதற்காக மூன்று நாள் சண்டை போடுகிறார்கள். விதிப்படி அது நடக்கவே நடக்காது!

ஏப்ரன் (அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கு லீக் போட்டிருக்கும் வரம்புக் கோடுகள்) விதிகளும் இதே கதைதான். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, சம்பளச் செலவு இரண்டாவது ஏப்ரனைத் தாண்டிய அணி இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட அதிகச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாது. 2025-26 பருவத்துக்கு அந்தக் கோடு 20.78 கோடி டாலர். பணக்கார அணிகளின் ரசிகர்கள் ஆசையாகப் போடும் மூன்றுக்கு ஒன்று டிரேடில் பாதி இந்த ஒரு விதியிலேயே செத்துவிடும். அதே விதிதான், வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் டிரேடுகளுக்கும் காரணம். 2025 பிளேஆஃபில் டேட்டமுக்குக் குதிகால் தசைநார் அறுந்த பிறகு, பாஸ்டன் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாண்டுக்கும் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. "ஹாலிடேக்கு இவ்வளவுதானா?" என்று கத்தியவர்களுக்கு, பாஸ்டன் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்குத்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்பது தெரியவில்லை. தெரியாததில் தப்பில்லை. தெரிந்தவர் சொல்லும்போது கேட்க மாட்டேன் என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, டிரேடு நடந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ராத்திரியே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். யார் ஜெயித்தார்கள், யார் ஏமாந்தார்கள். 2022இல் சாக்ரமெண்டோ டைரீஸ் ஹாலிபர்டனைக் கொடுத்து இண்டியானாவிடமிருந்து டொமாண்டாஸ் சபோனிஸை வாங்கியபோது சாக்ரமெண்டோவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடமே அந்த அணி 16 வருடமாக எட்டாத பிளேஆஃபை எட்டியது. உடனே "பார், சாக்ரமெண்டோதான் ஜெயித்தது" என்று திரும்பினார்கள். 2025இல் ஹாலிபர்டன் இண்டியானாவை இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். மறுபடியும் திரும்பினார்கள். மூன்று முறையும் அதே உறுதி, அதே ஏளனம். இரண்டு அணிக்கும் அவரவருக்குத் தேவையானது கிடைத்திருக்கலாம் என்று ஒருவர் வாயிலிருந்தாவது வந்ததா? ரூடி கோபேருக்காக மினசோட்டா நாலு முதல் சுற்று பிக் கொடுத்தபோதும் வரலாற்றிலேயே மோசமான டிரேடு என்றார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் மினசோட்டா மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்றில் நின்றது. அன்றைக்குக் கூவியவர்கள் யாரும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆட்டக்காரர்களைப் பற்றி இவர்கள் பேசும் தொனியை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. "அந்தக் குப்பை கான்ட்ராக்ட்டைத் தள்ளிவிடு." "அவன் வெறும் சம்பளப் பொருத்தத்துக்கு." "சும்மா சேர்த்து அனுப்பு." ஒரு மனிதர் போன வாரம் நம் அணிக்காக முழங்கால் வலியோடு ஆடியிருப்பார், இந்த வாரம் அவர் தள்ளிவிட வேண்டிய சுமை. 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸும் சார்லட்டும், சார்லட்டின் மார்க் வில்லியம்ஸ் லேக்கர்ஸுக்குப் போகும் டிரேடைப் பேசி முடித்து அறிவித்தே விட்டார்கள். மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி லேக்கர்ஸ் அதை ரத்து செய்தது. தன்னை வேண்டாம் என்று அனுப்பிய அணியின் உடையை அவர் திரும்பப் போட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. லேக்கர்ஸ் பக்கம் பதிலுக்குப் போகவிருந்த டால்டன் நெக்டுக்கும் அதே கதி. இதைக்கூட எந்த அணிக்கு லாபம், எந்த அணிக்கு நஷ்டம் என்றுதான் பேசினார்கள்.

ஐசையா தாமஸ் 2017இல் தன் தங்கை விபத்தில் இறந்த மறுநாள் பாஸ்டனுக்காகப் பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கியவர். இடுப்புக் காயத்தோடு ஆடியவர். அந்தக் கோடையிலேயே கைரி இர்விங்குக்காக அவரைக் கிளீவ்லாண்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் பழைய தாமஸாக ஆகவே இல்லை. அணியின் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம், ஒரு நிர்வாகி அப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கும். ரசிகருக்கு என்ன கட்டாயம்? அவர் சம்பளக் கணக்கைக் காட்டி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே. தனக்காக அழுதுகொண்டே ஆடியவரைப் பற்றிப் பேசும்போது ஒரு நிமிடம் தயங்கினால் என்ன குறைந்துவிடும்?

டிமார் டிரோசன் டொராண்டோவில் ஒன்பது பருவங்கள் ஆடினார். மற்ற ஸ்டார்கள் அந்த ஊரை விட்டு ஓடியபோது அங்கேயே இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டவர். 2018 ஜூலையில் கவாய் லெனர்டுக்காக அவரை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தார்கள். தன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தார்கள் என்று அவரே வேதனையோடு சொன்னார். அடுத்த வருடம் டொராண்டோ பட்டம் வென்றது, அந்த டிரேடு இல்லாமல் அது நடந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே வருடத்தில் கவாய் கிளம்பிப் போனதும் தெரிந்ததுதான். நான் டிரேடே கூடாது என்று சொல்லவில்லை. டிரோசனை "டிரேடு சிப்" (பேரத்துக்கான காய்) என்று கூப்பிட்டுக்கொண்டே என்னோடு கணக்குப் பேச வருபவர்களுக்கு இனிமேல் நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர்கள் எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் சரி, என் அணியாகவே இருந்தாலும் சரி.