கம்பு பட்டால் "பட்டது" என்று சொல்லுங்கள்

தற்காப்புக் கலையில் ஆணவம் என்று பேச்செடுத்தாலே பிள்ளைகளைத்தான் குறை சொல்கிறோம். பதக்கம் வாங்கியதும் தலைகால் புரியவில்லை என்கிறோம். எனக்கு அவர்கள் மீது கோபமே இல்லை. ஊரார் முன்னால் கம்பெடுத்து நிற்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் மிடுக்கு வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் கண்ணைப் பார்க்கவே முடியாது. என் கோபமெல்லாம் மூத்த மாணவர்கள் மீதும், அவர்களைக் கண்டிக்காத மாஸ்டர்கள் மீதும்தான்.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிலம்பம் பழகும் பிள்ளைகளில் பலர், தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். மாலையில் திடலில் நின்று கவனித்தால் இதைப் பார்க்கலாம். இளையவன் ஒருவன் சரியான நேரத்தில் உள்ளே புகுந்து மூத்தவனின் தோளைத் தொட்டுவிடுகிறான். அருமையான ஆட்டம். ஆனால் மூத்தவனின் முகம் இறுகுகிறது. அடுத்த வீச்சு இரு மடங்கு வேகத்தில் வந்து இளையவனின் விரல் கணுவில் இறங்குகிறது. "வலியைத் தாங்கப் பழகு" என்கிறார் மாஸ்டர். அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மூத்தவனைத் தொடக் கூடாது. மறுவாரம் அதே இடைவெளி கிடைத்தாலும் உள்ளே புக மாட்டான்.

மூத்தவனுக்கும் இதனால் கேடுதான். பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் விட்டுக்கொடுக்க, அவன் தோள் திறந்தே கிடக்கிறது. ஜொகூரிலிருந்தோ கெடாவிலிருந்தோ வரும் முகம் தெரியாத ஒருவன் போட்டியில் அதே இடத்தைத் தொடும்போது, இவனிடம் பதில் இருக்காது. கம்பு நுனியில் நிறம் பூசி ஆடும் வழக்கம் சிலம்பத்தில் உண்டு. பட்ட தடம் உடம்பிலேயே தெரியும்போது யார் மறுப்பது?

2021 ஆகஸ்டில், தோக்கியோ ஒலிம்பிக் கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் இறுதிச் சுற்று. சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 என முன்னணியில் இருந்தார். அவர் உதைத்ததில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். அளவுமீறிய தாக்குதல் என்று ஹமெதி தகுதி நீக்கப்பட்டார். தங்கம் கஞ்ச்சாதேவுக்குப் போனது. ஹமெதி ஆணவத்தில் உதைத்தார் என்று நான் சொல்லவில்லை. அடியின் அளவுக்கு அடித்தவரே பொறுப்பு என்பதை அந்த மேடை விட்டுக்கொடுக்கவில்லை. நம் திடலிலோ, வாங்கியவன் மீது பழி.

பெற்றோரையும் சொல்ல வேண்டும். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023இல் நம் ஷாமளாராணி கராத்தேயில் தங்கம் வென்றபோது எவ்வளவு பூரித்தோம்! அந்தப் பதக்கத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளை தோற்றதற்கு நடுவரிடம் சண்டைக்குப் போவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. மாணவர்களை வேறு கூடத்துப் பக்கமே போகவிடாத மாஸ்டர்களும் தோற்றுவிடுவோமோ என்ற அதே பயத்தில்தான் இருக்கிறார்கள்.

மாஸ்டர்களே, மூத்தவர் உடம்பில் கம்பு பட்டால் அவரே உரக்கப் "பட்டது" என்று சொல்லி, ஓரடி பின்வாங்கி மறுபடி தொடங்கட்டும். கோபத்தில் இளையவனை அடித்தவர் அன்று முழுவதும் கம்பைத் தொடாமல் ஓரமாக உட்காரட்டும். நீங்களும் மாணவர்களோடு இறங்கி ஆடுங்கள். பட்டால் நீங்களும் சொல்லுங்கள். இதற்கு மறுக்கும் கூடத்திலிருந்து பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றப் பெற்றோர் தயங்க வேண்டாம்.