திறப்பைக் கழட்டினாலும் ஸ்ராட்டர் நிக்காது, அண்ணை

மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: "எஞ்சின் ஸ்ராட் ஆன பிறகும் ஸ்ராட்டர் சுத்தினால் திறப்பைக் கழட்டிப்போட்டுப் பொறுங்கோ, தானா நிக்கும். நிக்காட்டி மோட்டரை மாத்துங்கோ." இரண்டுமே பிழை.

சொலினொயிட்டுக்குள்ளே (ஸ்ராட்டர் மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்தச் சுவிச்) இருக்கிற செம்புத் தொடுகைகள் ஒட்டிப் பிடிச்சுதெண்டால், கரண்ட் பற்றரியிலயிருந்து நேரா மோட்டருக்குப் போகும். திறப்புக்கு அங்க வேலையே இல்லை. பொறுத்துக்கொண்டு நிண்டால் வயர் சூடாகிப் புகையும். முதல் வேலை, பற்றரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழட்டுறது. பொறி பறக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கோ.

பிறகு கியரை நியூட்ரலில போட்டு, சில்லுக்குக் கட்டை வைச்சு, சொலினொயிட்டுக்கு வாற சின்ன வயரைக் கழட்டிவிட்டு நெகட்டிவைத் திரும்பத் தொடுங்கோ. உடனே சுத்தினால் பிழை சொலினொயிட்டில. சுத்தாட்டி றிலேயையோ (அந்தச் சின்ன வயருக்குக் கரண்ட் விடுற சுவிச்) திறப்புச் சுவிச்சையோ பாருங்கோ. திறப்பு ஸ்ராட்டிலயிருந்து தானாத் திரும்பி வருதோ எண்டு கையால பார்த்தாலே பாதி விளங்கும்.

போன காலபோகத்தில மாங்குளத்துப் பக்கம் எங்கட உழவு மெசினிலயும் இதுதான். மோட்டர் நல்ல சாமான். பற்றரி முனையில பச்சை பூத்துக் கிடந்தது. வோல்ட் இறங்கினால் சொலினொயிட் இறுக்கிப் பிடிக்காமல் டக் டக்கெண்டு அடிக்கும், அந்தப் பொறியிலதான் செம்பு உருகி ஒட்டுறது. முனையைச் சுரண்டாமல் புதுச் சொலினொயிட் போட்டிருந்தால் அதுவும் ஒட்டியிருக்கும்.