ராங் நம்பர்: ஆக்னஸ் மூர்ஹெட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேடம்

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு பழைய அமெரிக்க வானொலி நாடகம் கேட்டேன். அரை மணி நேரம்தான். முடிந்ததும் எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். அப்படியும் தூக்கம் வரவில்லை.

நாடகம், 'ஸாரி, ராங் நம்பர்'. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943 மே 25 அன்று முதன்முதலாக ஒலிபரப்பானது. நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட்.

உடம்பு முடியாத ஒரு பெண் வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறாள். புருஷன் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. போன் போட்டால் லைன் பிஸி. டெலிபோன் ஆபரேட்டர் மூலம் முயற்சி செய்யும்போது லைன் மாறி, யாரோ இரண்டு ஆண்கள் பேசுவது இவள் காதில் விழுகிறது. இன்று ராத்திரி 11.15-க்கு ஒரு பெண்ணைக் கொல்லப்போகிறார்கள். பாலத்தின் மேல் ரயில் போகும் நேரம் அது. அலறினாலும் வெளியே கேட்காது. அதன்பிறகு அவளும் படுக்கையும் அந்த டெலிபோனும்தான் நாடகம். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே கேளுங்கள்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது வேறு. அந்தப் பெண்ணை நமக்குப் பிடிக்க வைக்க மூர்ஹெட் துளிகூட மெனக்கெடவில்லை. தொடக்கத்தில் அவள் குரலில் பயமே இல்லை, எரிச்சல்தான். ஆபரேட்டர் பெண்ணிடம் வள்ளென்று விழுகிறாள். போலீஸ்காரரிடம் நான் யார் தெரியுமா என்கிற தோரணையில் பேசுகிறாள். 'என்ன பொம்பளை இவள்' என்று நமக்கே கோபம் வரும். அந்த அதட்டல் எந்த இடத்தில் கெஞ்சலாக மாறியது என்று இரண்டாம் முறை தேடித் தேடிக் கேட்டேன். பிடிபடவில்லை. ஒவ்வொரு முறை டயல் சுற்றிவிட்டுக் காத்திருக்கும்போதும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே போகிறது. கடைசியில் வார்த்தையைவிட மூச்சுதான் அதிகம். கண், புருவம், கை என்று எதுவும் துணைக்கு இல்லாமல் ஒரு மனுஷியை முழுசாக நம் முன்னால் உட்கார வைக்கிறார்.

அப்போது இதெல்லாம் நேரடி ஒலிபரப்பு. கையில் வசனத்தாள், எதிரே மைக், பக்கத்தில் டயல் சத்தமும் ரயில் சத்தமும் எழுப்ப ஆட்கள். தப்பு நடந்தால் நடந்ததுதான்.

மூர்ஹெட்டுக்கு அந்த மைக் புதிதல்ல. 1937-இல் 'தி ஷேடோ' தொடரில் ஆர்சன் வெல்ஸுடன் மார்கோ லேன் என்ற பாத்திரத்தில் நடித்தார். செய்திகளை நாடகமாக்கிய 'தி மார்ச் ஆஃப் டைம்' நிகழ்ச்சியில் அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் குரல் இவருடையது. லயனல் பேரிமோர் நடித்த 'மேயர் ஆஃப் தி டவுன்' தொடரில் வாயாடி வீட்டு வேலைக்காரியாக வாராவாரம் சிரிக்க வைத்தவரும் இவரே. அந்த வீட்டு வேலைக்காரியையும் இந்தப் படுக்கைப் பெண்ணையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே தொண்டை என்று நம்ப மாட்டீர்கள்.

1948-இல் 'ஸாரி, ராங் நம்பர்' சினிமாவானது. கதாநாயகி பார்பரா ஸ்டான்விக். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கு வந்தது. ஸ்டான்விக் பெரிய நடிகை, அந்தப் படத்திலும் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அந்த வேடம் மூர்ஹெட்டுக்குத்தான் சேர வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 'சிட்டிசன் கேன்' படத்தில் நாயகனின் தாயாக நடித்தவர். 1942-இல் நியூயார்க் விமர்சகர்களின் சிறந்த நடிகை விருது வாங்கியவர். முகம் தெரியாதவர் இல்லை. போஸ்டரில் போட நட்சத்திரப் பெயர் வேண்டும், வியாபாரம் அப்படித்தான் என்பார்கள். லட்சக்கணக்கானவர்களின் மனதில் அந்தப் பெண்ணை ஐந்து வருடம் உயிரோடு வைத்திருந்தவரை விட்டுவிட்டு என்ன வியாபாரம்? படமோ அவளுடைய பழைய கதை, புருஷன் கதை என்று வெளியே வெளியே போகிறது. வானொலியில் நாமும் அவளோடு அந்த அறையில் மாட்டிக்கொள்கிறோம். அந்த மூச்சுத் திணறல் படத்தில் எனக்கு வரவில்லை.

குரலால் நடிப்பதை நடிப்பின் அரைப்பங்காகவே பார்க்கும் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. டப்பிங் கலைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

படம் வந்த பிறகும் வானொலி அவரைத்தான் கூப்பிட்டது. 1960 வரை அதே வேடத்தை அதே தொடரில் திரும்பத் திரும்ப நடித்தார். 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் (காத்து வைக்க வேண்டிய பதிவுகளின் பட்டியல்) அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சேர்த்தது இந்த வானொலி நாடகத்தை. 'பிவிட்ச்ட்' தொலைக்காட்சித் தொடரின் மந்திரக்கார மாமியார் என்று மட்டுமே அவரை அறிந்தவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

'சஸ்பென்ஸ்' 1962 செப்டம்பரில் நின்றுபோனது. வானொலி நாடகக் காலமே முடிந்தது என்றார்கள். 1974 ஜனவரியில் சி.பி.எஸ். மறுபடியும் ஒரு மர்ம நாடகத் தொடரைத் தொடங்கியபோது, முதல் நாடகத்தில் மைக் முன்னால் வந்து நின்றவர் மூர்ஹெட். அப்போது வயது 73. ஏப்ரல் 30 அன்று காலமானார். அந்த 1974 நாடகத்தை இன்று ராத்திரி கேட்கப்போகிறேன், அதே மாதிரி விளக்கை அணைத்துவிட்டு.