படம் கடைசியில்தான் வரும்

எங்கட ஊரில் கட்டப்போகிற வாசிகசாலை என்று போட்ட ஏஐ படத்துக்குக் கீழே, கொமென்ட்களில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப அதைக் கிளறுவதற்காக எழுதவில்லை. (சரி, கொஞ்சம் கிளறத்தான்.) ஆர்க்கிடெக்சர் படிக்கிற நான் அங்கே கேட்டது இரண்டே இரண்டு கேள்வி: அந்தக் கண்ணாடி முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது? கழிப்பறை எங்கே? கிடைத்த பதில், வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. கூடவே ஒரு அறிவுரை: "தங்கச்சி, முதல்ல படிச்சு முடிச்சிட்டு வாங்கோ."

ஏஐ ஒரு நிமிசத்தில் போட்டுக் கொடுத்த படம். வடிவாகத்தான் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? முன்னால் நீரூற்று, பக்கத்தில் எங்கட மண்ணில் முளைக்கவே முளைக்காத ஒரு மரம். ஆனால் வளவுக்கு றோட்டு மேற்கில். அப்படியென்றால் முகப்பும் மேற்குத்தான். வைகாசி பிறந்தால் மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற ஊர் இது. பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வருகிற பின்னேரத்தில், இரண்டு மாடி உயரக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து யார் வாசிப்பது? கூரைக்குத் தாழ்வாரமே இல்லை. கார்த்திகை, மார்கழி மழை திருகோணமலையில் நேராகவா விழுகிறது? வாடையோடு சாய்ந்தல்லவா அடிக்கும். புத்தகங்களை எங்கே வைப்பீர்கள்?

இதைக் கேட்டால் குறை பிடிக்கிறாளாம். டிசைன் என்பதே இந்தக் கேள்விகள்தான். படம் கடைசியில் வரும்.

ஸ்டூடியோவில், அதாவது கம்பஸில் டிசைன் பழகுகிற வகுப்பில், எங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சைட்டுக்குப் போ என்பார்கள். வெயில், காற்று, தண்ணி ஓடுகிற பக்கம், ஆட்கள் நடந்து நடந்து விழுந்த தடம், எல்லாவற்றையும் குறிக்கவேணும். பிறகு ட்ரேசிங் பேப்பரில் கீறுவோம். அதற்கு மேலே இன்னொரு தாள், அதற்கும் மேலே இன்னொன்று. கார்ட்போர்டில் மொடல். பிறகு கிறிட், அதாவது கீறினதை முன்னால் வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற நேரம். டியூட்டர் ஒரு தூணில் பேனை முனையை வைத்து "இது ஏன் இங்கே?" என்பார். "வடிவுக்கு, சேர்" என்று வாயைத் திறந்தால் முடிந்தது கதை. திரும்ப முதல் தாள்.

போன செமஸ்டர் புரொஜெக்ட் ஒரு சின்ன மீன் சந்தை. எங்கட கடற்கரையையே சைட்டாக எடுத்தேன். விடியப்புறம் போய்ச் சும்மா இருந்து பார்ப்பதுதான் வேலை. மீன் வெட்டுகிற அக்கா ஒருவர், வேப்பமர நிழல் நகர நகரப் பலகையையும் இழுத்துக்கொண்டு நகர்வா. செதிலும் இரத்தமும் கலந்த தண்ணி அவவின் காலடியால் ஓடி, சனம் நிற்கிற பள்ளத்தில் தேங்கும். அதனால் சனம் எட்ட நின்றே விலை கேட்கும். "கிட்ட வந்து செவுளைத் தூக்கிப் பாக்கிறவன்தான் பிள்ளை வாங்குவான்" என்று அவதான் சொன்னா. என் பிளானில் முதல் விழுந்த கோடு ஒரு கான், அந்தத் தண்ணி ஓட ஒரு வாய்க்கால். அதைப் பலகைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோனதும் சனம் நிற்கிற இடம் காய்ந்தது. கூரை எந்தப் பக்கம் நீளவேணும் என்பதும் தானாகத் தெரிந்தது. எந்த ஏஐக்கு அந்த அக்காவைத் தெரியும்?

நான் சொன்னால் எடுபடாது. பெரிய ஆட்கள் என்றால் கேட்பீர்கள்தானே? கந்தளமா ஹோட்டலில் செல்ஃபி எடுத்துப் போட்ட எத்தனை பேர் என் லிஸ்டில் இருக்கிறீர்கள்! அதைக் கட்ட எங்கட நாட்டு ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவிடம் காட்டிய இடம் சிகிரியா அடிவாரம். அது வேண்டாம், குன்று தூரத்தில் தெரியட்டும் என்று ஹோட்டலையே கந்தளமாக் குளத்துப் பக்கம் நகர்த்தினது அந்த மனுசன். இன்னொரு ஆர்க்கிடெக்ட், மின்னெட் டி சில்வா, 1950களின் கடைசியில் கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்துக்கு, குடிவர இருந்த குடும்பங்களிடமே கேள்விக்கொத்தைக் கொடுத்து என்ன தேவை என்று கேட்டா. சிட்னி ஒப்பரா ஹவுஸ் டிசைன் போட்டியில் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் 1957இல் வென்றது படத்தால்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் இருந்த கூரையை எப்படிக் கட்டுவது என்று வருசக்கணக்காக மண்டையை உடைத்து, எல்லா வளைவையும் ஒரே கோளத்தில் இருந்து எடுக்கலாம் என்று கண்ட பிறகுதான் கூரை வேலை ஓடியது. திறந்தது 1973.

"ஆர்க்கிடெக்டுக்குக் குடுக்க எங்களிட்ட எங்க காசு?" என்று கொமென்டில் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் நான் காசா கேட்டேன்?

"ஏஐ வேண்டாம் என்கிற பழைய பஞ்சாங்கம்" என்றும் ஒருவர். நானும் பாவிக்கிறேன் ஐயா. விடுங்கள்.

"அப்பப்பா காலத்தில ஆர்க்கிடெக்டா இருந்தவர்?" இதுதான் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்துத் திண்ணை, விறாந்தை, நடுமுற்றம், காற்றை விட்டுக் கண்ணை மறைக்கிற கிடுகு வேலி, இதெல்லாம் ஒரு நிமிசத்திலா வந்தது? பரம்பரையாகக் கட்டி, ஒழுகி, திருத்தி, திரும்பக் கட்டி வந்தது. அதை இடித்துத் தட்டைக் கூரை போட்டு, பின்னேரம் உள்ளே இருக்க முடியாமல் ஏசி பூட்டினது யார்? எங்கட வீட்டிலும் அதே கதைதான். ஏதோ புத்தகத்தில் வந்த குசினிப் படத்தை மேசன் பாஸிடம் நீட்டினார்கள், அவரும் அச்சாக அப்படியே கட்டிக் கொடுத்தார். அம்மா அதற்குள் சமைப்பதில்லை, பின்பத்தியில்தான் அடுப்பு. பாஸில் பிழை சொல்லமாட்டேன். அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தத் தங்கச்சி விசயம். எழுதினவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கம்பஸ் கிடைத்தபோது "எங்கட ஊருக்கு ஒரு ஆர்க்கிடெக்ட்" என்று என் படத்தோடு பதிவு போட்டவரும் அவர்தான். அன்றைக்கு நான் ஊருக்குப் பெருமை, இன்றைக்கு வாய்காட்டுகிற பிள்ளை. படித்து முடித்து வந்தால் "அனுபவம் இல்லை" என்பீர்கள். அனுபவம் வந்த பிறகு "பொம்பிளைப் பிள்ளை வெயிலுக்க நிண்டு மேசன்மாரோட கதைக்கிறதோ" என்பீர்கள். கொழும்பில் இருந்து ஒருவர் வந்து, நிலாவெளியில் ஹோட்டல் கட்ட இதே இரண்டு கேள்வியைக் கேட்டால் கொப்பி எடுத்து எழுதுவீர்கள். எங்கட பிள்ளைகள் வாசிக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு படம் போதும். பிறகு, படிச்சதுகள் எல்லாம் டுபாய்க்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகுதுகள் என்று ஒப்பாரி வேறு. போகாமல்?

சனிக்கிழமை காலமை வளவை அளக்கப் போகிறேன். கமிட்டி கேட்கவில்லை, நானாகத்தான். வயதான ஐயாமார் பேப்பர் பார்க்க எத்தனை மணிக்கு வருவார்கள், மாரிக்கு வளவில் தண்ணி எந்த மூலையில் நிற்கும், பின்னேரம் எவ்வளவு பிள்ளைகள் வரும், தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஸ்மைலி போட்டவர்களும் வரலாம். டேப்பின் மற்ற முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.