நீங்க கெமிஸ்ட்ரியா, பயாலஜியா?

நேற்று ராத்திரி பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எம்எஸ்சி. பிஎச்டிக்கு ஒரு மாலிக்யூலர் பயாலஜி ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "போகலாமா மேடம்? பின்னாடி வேலைக்குச் சிக்கல் வருமா?" என்றாள்.

வரும் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எனக்கு வந்ததே. பல வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "டிஎன்ஏன்னு வருதே, இது பயாலஜி இல்லையா?" என்றார். சரி என்று பயோடெக் துறைக்கு விண்ணப்பித்தால், "உங்க யூஜி, பிஜி ரெண்டும் கெமிஸ்ட்ரி ஆச்சே" என்றார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பிஎச்டி செய்த அந்த ஐந்து வருஷமும் நான் செய்தது சுத்தமான ஆர்கானிக். டிஎன்ஏ துண்டு செய்ய ஒரு நியூக்ளியோடைடோடு, அதாவது டிஎன்ஏவின் ஓர் எழுத்தோடு, அடுத்ததைக் கோக்க வேண்டும். ஒவ்வொன்றும் வினைபுரியப் பல கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும். வேண்டாத கைகளை மூடிவைக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது சுவிட்ச் போர்டு மேல் பேப்பர் ஒட்டுவோமே, அதேதான். வேலை முடிந்து பேப்பரை உரிக்கும்போது சுவர் பெயர்ந்து வரக் கூடாது, வித்தையே அங்கேதான். டிஎம்டி என்ற மூடியை அமிலம் விட்டுக் கழற்றினால் ரஸ்னா மாதிரி பளிச்சென்று ஆரஞ்சு இறங்கும். நிறம் அடர்த்தியாக இருந்தால் முந்தைய இணைப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

நவம்பர் மழையில் பெரும்பாலும் வெளுத்துத்தான் இருக்கும். இந்த வினைக்குத் தண்ணீர் ஆகாது, சென்னைக் காற்றிலோ தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. 20 எழுத்துள்ள துண்டுக்கு 19 இணைப்பு. ஒவ்வொன்றும் 99 சதவீதம் நடந்தால் கடைசியில் ஏறக்குறைய 83 சதவீதம் தேறும். 98 ஆனால் 68தான். இந்த ஒரு சதவீதத்துக்காக ராத்திரி பத்து மணிக்கு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் ஈரம் போக உலர்த்திக்கொண்டு உட்கார்ந்தவளைத்தான் பயாலஜி என்றார்கள்.

அந்த டிஎம்டி மூடி ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகத்தில் வந்தது. (கொரோனா இல்லை, கொரானா.) லிவர்பூலில் பிஎச்டி, சூரிச்சில் கொஞ்ச காலம், எல்லாம் ஆர்கானிக். 1949-ல் இந்தியா திரும்பினார், வேலை கிடைக்கவில்லை, மறுபடி கப்பலேறினார். 1960-களில் விஸ்கான்சினில் மரபுக் குறியீட்டுக்கான 64 மும்மைகளையும் (மூன்றெழுத்துச் சேர்க்கைகள்) செய்து பார்த்தது அவர் குழு. யூ, சி என்ற இரண்டு எழுத்தை யூ-சி, யூ-சி என்று மாறி மாறிக் கோத்த ஆர்என்ஏவைக் கொடுத்தால் செரின், லூசின், செரின், லூசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் புரதம் வந்தது. எழுத்துகள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ படிக்கப்படவில்லை, மூன்று மூன்றாகத்தான் என்பதற்கு இது நல்ல சாட்சி. 1968-ல் நோபல் பரிசு, நீரென்பர்க், ஹாலியோடு சேர்த்து. பரிசு மருத்துவத்துக்கு, கைவேலை வேதியியல். அவர் துறை மாறினார் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் எங்கேயும் போகவில்லை. கைவசம் இருந்த வித்தையால் எந்தக் கேள்வியைத் திறக்கலாம் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நம்மூரில் இது நடக்காததும் இல்லை. 1954-ல் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன் இயற்பியல்காரர். கிண்டி வளாகத்தில் இருந்தவருக்குக் கொலாஜன் கிடைத்தது பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. சுவர் தாண்டிப் போய்க் கேட்டிருக்கிறார். இன்றைய சரிபார்ப்பு மேஜையில் அவரையும் "ரெலவன்ட் இல்லை" என்று உட்கார வைத்திருப்பார்கள்.

2020-ல் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே ஆர்டிபிசிஆர், அதில் போட்ட பிரைமர் என்ன? சுமார் 20 எழுத்துள்ள டிஎன்ஏ துண்டு. முழுக்க முழுக்க கெமிஸ்ட்ரி. இன்றைக்கும் அதைச் செய்வது கொரானாவிடம் பயிற்சி பெற்ற காருத்தர்ஸ் 1981-ல் கொண்டுவந்த முறையில்தான்.

இவ்வளவும் போனில் சொல்லி முடித்தபோது அவள் அரை மணி நேரமாக "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். "அப்போ போகட்டுமா மேடம்?"

போம்மா என்றேன். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் 'சிந்தசிஸ்' என்ற சொல் முதலில் வருகிற மாதிரி உன் கைடிடம் இப்போதே பேசி வைத்துக்கொள். அந்த மேஜையில் அதை மட்டும்தான் படிப்பார்கள்.